பின் இடது ஸ்பீக்கர்

பின்பக்கத்து இடது ஸ்பீக்கரைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்பட்டோம். ஆழ்வார்பேட்டையில் என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே, ஒரு கறுப்பு இரும்புத் தாங்கியின் மேல் அது நின்றிருந்தது. கிட்டத்தட்ட ஒரு பெரிய பிஸ்கட் டப்பா அளவுதான் இருக்கும். முன்னால் துணி போர்த்தியிருக்கும். அந்தத் துணியில் தூசு படியாமல் வாரத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிடுவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். "இது செத்துக்கிட்டு வருது" என்றார். 

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, முப்பது வருஷத்துக்கு மேல் ஒற்றைக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள், இவர் ஐந்து ஸ்பீக்கர்களும் அதிர்வுக்கு ஒரு பெட்டியும் வாங்கினார். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, நடுவில் ஒரு மர நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கென்றே தனியாக மிக்ஸ் செய்த ஆல்பங்கள் உலகத்தில் இருக்கின்றன என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாதாரணமாகப் பாட்டு நமக்கு முன்னால் இருக்கும், நாம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவற்றில் பாடகி எதிரே நிற்பாள், வயலின் தோளுக்குப் பின்னால் எழும், தபலா வலதுபுறம் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். "ஆயுசு பூரா ஒத்தக் காதுலயே ஊர்க்கதை கேட்டாச்சு. இனிமே ரெண்டு காதும் வேணும்" என்பார்.

நான் பயந்த சுபாவம். முதல்முறை என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தபோது, பிடரிக்குப் பின்னால் யாரோ கைதட்டியது கேட்டு அலறி எழுந்துவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. ஒரு கச்சேரிப் பதிவில் ரசிகர்கள் தட்டிய கை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த டிஸ்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். ஒரு பழைய கல் தேவாலயத்துக்குள் பதினைந்து இருபது பேர் வட்டமாக நின்று, கேட்பவரை நடுவில் வைத்துப் பாடிய ஆல்பம் அது. ஒரு குரல் ஓய்வதற்குள் எனக்குப் பின்னால் இன்னொன்று தொடங்கியது. கூரையின் உயரம்கூடக் காதுக்குத் தெரிந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது, சங்கீதமும் தெரியாது. ஆனால் என்னைச் சுற்றி இத்தனை பேர் நிற்கும்போது எனக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. அடையாறிலிருந்து சனிக்கிழமைதோறும் நான் அங்கே போகத் தொடங்கியது அப்படித்தான். தரமணியில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் கூனிக் கிடந்த முதுகு அந்த நாற்காலியில்தான் நிமிரும்.

அவருக்குக் கேட்பது பாதிச் சந்தோஷம்தான். மீதிப் பாதி அடுத்தவரைக் கேட்கவைப்பதில் இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார். ஊருக்கு ஊர் இருக்கும் இருபது முப்பது பேர். வீட்டில் ஸ்பீக்கர் வாங்கிவிட்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறவர்கள். வாரத்துக்கு ஓர் ஆல்பத்தைப் பற்றி எழுதுவார். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் வழி ஒன்றுதான்: முதலில் குரல்கள் மட்டும் இருக்கிற ஆல்பம், பிறகு ஒரு வயலினும் மிருதங்கமும், அதற்கப்புறம்தான் பழைய ராக் குழுக்களின் ஆல்பங்களைப் பிரித்து மறுபடி மிக்ஸ் செய்தவை. கிடார் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும் ஆல்பங்கள் அவருக்குப் பிடிக்காது. "சுத்தி சுத்தி வந்தா அது சர்க்கஸ். நம்மள நடுவுல உக்காரவச்சுப் பாடினாத்தான் பாட்டு" என்பார். அவர் நல்லது என்று சொன்னால் அந்த இருபது முப்பது பேரும் யோசிக்காமல் வரவழைத்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் இருந்த ஒரு பல் டாக்டர், "மேடம் காது என் காதைவிட எனக்கு நம்பிக்கை" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அந்தக் காதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஸ்பீக்கரைப் பார்க்க ராயப்பேட்டையிலிருந்து பாய் வந்தார். நாங்கள் எல்லோருமே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெட்டிகளை முதலில் மாட்டிக்கொடுத்தவரும் அவர்தான். பின் இடது ஸ்பீக்கரைத் திறந்து பார்த்தார், ஒயரை மாற்றினார், அதைத் தூக்கி வலது பக்கத்தில் வைத்து, வலது ஸ்பீக்கரை இடது பக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்பீக்கர்களை ஓட்டும் கருவியிலேயே ஒரு சோதனைச் சத்தம் உண்டு. மழை பெய்வது போன்ற ஓர் இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றிவரும். நாத்தனார் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, சத்தம் வரும் திசையை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். முன்னால் சரி. வலது சரி. பின் வலது சரி. பின் இடதுக்கு வந்தபோது அவர் விரல் தயங்கிவிட்டு மறுபடியும் வலது பக்கத்தையே காட்டியது.

"மாத்தி வச்சும் அதே இடம்தான் பாய். சன்னமா கேக்குது. அதுவும் எங்கிருந்தோ வருது. ஒயர மாத்தி மாட்டிட்டீங்க போல."

பாய் என்னைப் பார்த்தார். என்னை அந்த நாற்காலியில் உட்காரும்படி கையால் சாடை காட்டினார். நாத்தனார் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். நான் உட்கார்ந்தேன். இரைச்சல் சுற்றி வந்தது. பின் இடதுக்கு வந்தபோது என் இடது தோளுக்குப் பின்னால், தெளிவாக, மற்ற நான்கையும் போலவே அதே அளவில் பெய்தது.

நான் வழியனுப்பப் போனபோது பாய் மாடிப்படியில் நின்றார். "ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்லம்மா. அஞ்சும் நல்லா பாடிக்கினு கீது" என்றார் தணிந்த குரலில். "அம்மாவ ஒரு நல்ல டாக்டராண்ட இட்னு போங்க. நான் எப்டிம்மா அவங்களாண்ட சொல்றது? இத்தினி வருஷமா அவங்க காதுதான் எனக்கே மீட்டரு."

மேலே வந்தேன். நாத்தனார் அலமாரி முன்னால் நின்று டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இடது பக்கமாக ஒரு முழத் தூரத்தில் நின்று, சாதாரணமாகப் பேசுவதைவிடச் சற்றுத் தாழ்த்தி, "அக்கா, காபி போடட்டுமா?" என்றேன். திரும்பவில்லை. இன்னொருமுறை சொன்னேன். அவர் ஒரு டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னாலேயே நடந்து வலது பக்கம் போய் அதே குரலில் கேட்டேன். "போடேன், எனக்கும் சேர்த்து" என்றார் உடனே. சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் பால் வைத்ததே எனக்கு நினைவு வந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். அன்றே, காபியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அப்பாவின் நோய்ப் பரிசோதனை முடிவை அவரிடமே சொன்னது நான்தான். சொன்ன அன்று ராத்திரி சாப்பாட்டிலிருந்து அவர் தட்டை ஒதுக்கத் தொடங்கினார், பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை. அன்றிலிருந்து ஒரு கெட்ட செய்தி என் வாயிலிருந்து வெளியே வந்தால்தான் அது நிஜமாகும் என்கிற மாதிரி ஒரு மூட பயம் எனக்கு. "பாய் என்ன சொன்னார்?" என்று கேட்டதற்கு, "ஒயர்தான் லூசாம், சரி பண்ணிட்டாராம்" என்றேன். என் கணவரிடமும் சொல்லவில்லை. அவர் தன் அக்கா விஷயத்தில் என்னைவிடக் கோழை.

நாத்தனார் பின் இடதின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் கூட்டினார். நாற்காலியில் நான் உட்காரும்போது இடது பக்கத்திலிருந்து வயலின் அறைவது போல் வந்தது. "இப்பதான் சமமா இருக்கு" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு முன் இடதும் மங்கலாகத் தெரிகிறது என்றார். "அதுவும் கெட்டுப்போச்சா?" என்று அவர் கேட்டபோது, அவருக்குள்ளேயே எங்கோ தெரிந்திருக்குமோ என்று நான் அவர் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணெதிரே இருந்த இதையெல்லாம் நான் அப்போதுதான் பார்த்தேன், பார்க்கப் பார்க்கப் பயம் கூடியது.

மூன்றாவது வாரம் அவர் குழுவில் எழுதியது எல்லோரையும் திகைக்கவைத்தது. ஒரு பெண் தனியாகப் பாடிய ஆல்பம். பின்னால் வீணையும் கடமும். "அழகான குரல். ஆனால் மிக்ஸ் செய்தவர் தூங்கிவிட்டார். இடது பக்கம் காலி. வாங்க வேண்டாம்" என்று எழுதிவிட்டார். பல் டாக்டர் ஏற்கெனவே அதை வரவழைத்திருந்தார். "மேடம், எனக்கு இடது பக்கம்தான் வீணையே கேக்குது" என்று தயங்கித் தயங்கி எழுதினார். இன்னொருவரும் ஆமாம் என்றார். நாத்தனாரின் முகம் சிவந்துபோயிற்று. "இவங்களுக்கெல்லாம் ஸ்பீக்கர் வைக்கவே தெரியல" என்றார் என்னிடம். போனை மேஜையில் கவிழ்த்துவைத்தார். அன்று அவர் எதையும் கேட்கவில்லை. காப்பிப் பொடி வாங்கணும், லஸ் கடைத்தெரு வரைக்கும் போகலாம் வா என்றார்.

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. கடையிலிருந்து வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றோம். நான் அவருக்கு வலது பக்கம் நின்றேன். பழக்க தோஷம், அந்தப் பக்கம் நின்றால்தான் அவருக்குக் கேட்கும் என்று மூன்று வாரமாக அப்படியே நிற்கிறேன். இடது பக்கம் யார் நிற்பது என்று யோசிக்கவே இல்லை. பாதி சாலை தாண்டியபோது இடதுபுறத்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. கண்ணாடி உடைகிற மாதிரிச் சத்தம். அவருக்கும் கேட்டது. கேட்டதுதான் விபரீதம். சட்டென்று வலது பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தப்பிப்பதாக நினைத்து நேராக லாரியை நோக்கி இடது பக்கம் ஒதுங்கினார்.

அவர் கைப்பையின் வார்தான் என் கையில் அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்தேன். இருவரும் ஒன்றாகச் சாலைத் தடுப்பின்மேல் விழுந்தோம். லாரி அவர் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு போய் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா? இவ்ளோ சத்தமா ஆரன் அடிக்கிறேன், வண்டி மேலயே வந்து வுழுற!"

பூக்காரம்மா ஒருத்தி எங்களைத் தூக்கி நடைபாதையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காப்பிப் பொடி சாலையெல்லாம் சிந்தி, வண்டிகள் அதன்மேல் ஏறி ஏறிப் போக, அந்த இடமே மணத்தது. நாத்தனார் முழங்கைச் சிராய்ப்பைப் பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம்தானே வந்துது?" என்றார்.

நான் அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன்.

"சொல்லு. சத்தம் வலது பக்கம்தானே வந்துது?"

"இல்லக்கா. இடது பக்கம்."

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாய் சொன்னது, காபி போடட்டுமா என்று கேட்டுப் பார்த்தது, ஒயர் என்று பொய் சொன்னது எல்லாம். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா ஸ்பீக்கரக் குத்தம் சொல்ல விட்டே. அந்தப் பொண்ணு பாடின ஆல்பத்த வாங்காதீங்கன்னு ஊருக்கே சொன்னேன். அப்பவும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுதானே இருந்தே?"

ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. என் கணவர் போய்க் கதவைத் தட்டியபோது திறந்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி மூடிவிட்டாராம். அந்த இரண்டு நாளும் ஆபீசில் எங்கே போன் மணி அடித்தாலும் என் கைப்போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் குழுவில் ஒரு செய்தி வந்தது. "போன வாரம் நான் எழுதியது தவறு. அந்த ஆல்பத்தில் குறை இல்லை. குறை என் காதில். தாராளமாக வாங்குங்கள்." அதற்குக் கீழேயே எனக்குத் தனியாக ஒன்று: "டாக்டர்கிட்ட பேர் குடுத்தாச்சு. நாளைக்குப் பத்தரை. வந்துடு."

காது பரிசோதிக்கும் அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அவர் கட்டைவிரல் ஓயாமல் அழுந்தியது. பிறகு இடது காதுக்கு மாற்றினார்கள். வெளியே இருந்த பெண் ஒரு திருகியைத் திருப்பிக்கொண்டே போனாள். கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் திருப்பினாள். அவர் புருவத்தைச் சுருக்கி, எங்கோ தூரத்தில் போகிறவரைக் கூப்பிடப் போகிற மாதிரி முகத்தைச் சற்று முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. 

ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் வளர்ந்து மூளைத் தண்டை அழுத்தத் தொடங்கியிருந்தது. எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்தால் அந்தக் காதில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் போய்விடும். முகத்து நரம்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் வாய் கோணலாம். "விட்டா?" என்று கேட்டார் நாத்தனார். "முதல்ல நடை போகும். அப்புறம் உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. கூட வந்திருந்த என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். நாத்தனார் மேஜையில் இருந்த காதின் பிளாஸ்டிக் பொம்மையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஒத்தக் காதுல வேலை பாத்துப் பழக்கம்தான். எடுத்துடுங்க" என்றார்.

ஆபரேஷனுக்குக் காலையில் உள்ளே போனார். வெளியே வரச் சாயங்காலம் ஆயிற்று. அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு வராது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காது போய்விட்டது. முகத்தின் இடது பாதி தொங்கியது, பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மீண்டது, முழுதாக இல்லை. முகத்து நரம்பைக் காப்பாற்றக் கட்டியில் கடுகளவை விட்டுவைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அது வளர்ந்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இதை எழுதுவதும் அப்படி ஒரு வாரத்தில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐந்து ஸ்பீக்கர்களையும் பழைய போர்வைகளால் மூடிவைத்துவிட்டார். குழுவில் எழுதவில்லை. யாராவது எதை வாங்கலாம் என்று கேட்டால் பதில் போடமாட்டார். சனிக்கிழமைகளில் நான் போவேன், டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். கட்டியைவிட இந்த மௌனம்தான் அவரைக் கொண்டுபோய்விடும் என்று நான் பயந்தேன். ஐந்தாறு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு சனிக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது போர்வைகள் மடித்து சோபாவில் இருந்தன. அவர் நோய்க்கு முன்பே சொல்லிவைத்திருந்த ஓர் ஆல்பம் தபாலில் வந்திருந்தது. நான்கு பெண்கள், நான்கு மூலைகளில் நின்று பாடுவது. மர நாற்காலியில் அவர் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொன்னார். தன் வலது காது என் பக்கம் இருக்கும்படி ஒரு பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டு என் இடது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"எங்கெங்க யார் நிக்கறாங்க, சொல்லிக்கிட்டே வா. விட்டுறாத."

 சங்கீதம் தெரியாதவள் நான். தப்பாகச் சொன்னால்? சொல்லாமல் விட்டதற்கு ஒருமுறை என்ன விலை கொடுத்தோம் என்று தெரிந்தவள் வேறு. முதல் குரல் எதிரே வந்தது, சொன்னேன். இரண்டாவது வலது பின்னால், சொன்னேன். பிறகு இடது பின்னாலிருந்து ஒரு சின்ன சத்தம். குரல் இல்லை.

"மூச்சு இழுக்கறாக்கா. இன்னும் பாட ஆரம்பிக்கல. இடது பக்கம், பின்னால, ரொம்பக் கிட்ட."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது பக்கத்து உதடு முதலில் சிரித்தது, இடது பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆல்பம் முடியும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கே சந்தேகமோ அங்கே நிறுத்தி மறுபடி போட்டுக் கேட்டோம். பிறகு அவர் போனை எடுத்து, அத்தனை மாதங்களுக்குப் பின் முதல்முறையாகக் குழுவில் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் காட்டினார். ஆல்பத்தைப் பற்றி நாலு வரி. கீழே: "வலது பக்கம் நான் கேட்டது. இடது பக்கத்துக்கு என் தம்பி மனைவி பொறுப்பு."

ஒரு நிமிஷத்துக்குள் பல் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. "அப்போ வாங்கலாமா மேடம்?"

நாத்தனார் போனை என் கையில் கொடுத்தார்.  இன்னொருமுறை அந்த மூச்சை மட்டும் போட்டுக் காட்டும்படி கேட்டேன். காட்டினார். இடது பக்கம்தான், பின்னால்தான், சந்தேகமில்லை. வாங்கலாம் என்று தட்டி அனுப்பினேன்.